அந்த விளக்கைப் பிடித்தது யார்?



நாட்டிய நிகழ்ச்சி முடிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? கை தட்டுகிறோம். ஆடியவர் வணங்குகிறார். நட்டுவாங்கம் செய்தவரையும் பாடியவரையும் மிருதங்கம் வாசித்தவரையும் ஒலிபெருக்கி பெயர் சொல்லி அழைக்கிறது. அவர்களுக்கும் தட்டுகிறோம். பிறகு கடைசி இரயிலைப் பிடிக்க ஓடுகிறோம். மேடை மட்டும் அப்போதும் உறங்குவதில்லை. ஏணி மீண்டும் வருகிறது. சூடு ஆறாத விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. கம்பிகள் சுருட்டப்படுகின்றன. நாம் வீட்டுக்குப் போய்த் தூங்கிய பிறகுதான் அங்கே டெம்போவின் பின்கதவு சாத்தப்படுகிறது.

அந்தக் கதவைச் சாத்துகிறவர்களைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். கேள்விப்பட்டதை எழுதவில்லை; கைப்பட்டதை எழுதுகிறேன்.

நான் இயற்பியல் முதுகலை மாணவன். வளர்ந்தது தாராவியில், தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில். தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், தையற் தொழிலாளி. செம்பூர் நாட்டியக் குழு ஒன்றுக்கு அவர் ஆடைகள் தைத்துக் கொடுத்தார். மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சென்றவன் நான். “நீ இயற்பியல் படிக்கிறாயாமே? எங்களோடு வெளியூர் வருகிறாயா? விளக்குப் பக்கம் ஒரு கை குறைகிறது” என்றார் குழுவை நடத்தும் ஆசிரியை. சம்பளம் இல்லை, வழிச்செலவும் சாப்பாடும் உண்டு, கலைத்தொண்டு என்று எண்ணிக்கொள் என்றார். எண்ணிக்கொண்டேன். கோடை விடுமுறையில் 19 நாள், 8 ஊர்: புனே, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், சேலம், திருச்சி, தஞ்சாவூர். ஆடியது மாதவியின் கதை.

அங்கே எனக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். அவரும் தாராவிக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். விளக்கு வாடகைக்கு விடும் ஒருவரிடம் நாட்கூலிக்குப் போகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரை நான் அண்ணன் என்றுதான் அழைத்தேன். ஐந்தாண்டுப் படிப்பில் ஒளியைப் பற்றி நான் கற்றது ஒருபுறம் இருக்க, அந்த 19 நாளில் அண்ணனிடம் கற்றது மறுபுறம் இருக்கிறது. இரண்டையும் தராசில் வைத்தால் எது தாழும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

புனேயில் முதல் நாள். சோலைக் காட்சிக்குப் பச்சை ஒளி அழகாக இருக்கும் என்று எண்ணி, விளக்கின் முன் பச்சைத் தாளைச் செருகினேன். ஒத்திகையில் மாதவி வந்து நின்றாள். அவள் உடுத்தியிருந்த அரக்குப் பட்டு கறுப்பாகத் தெரிந்தது! என் தந்தை மூன்று இரவு கண்விழித்துத் தைத்த பட்டு அது. சிவப்புத் துணி சிவப்பொளியைத்தான் திருப்பி அனுப்பும். பச்சை ஒளியில் சிவப்பு இல்லை. எனவே திரும்பி வருவதற்கு ஒன்றும் இல்லை. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அண்ணன் சிரிக்கவில்லை. “துணியப் பாத்துட்டுத்தான் தாளப் பாக்கணும் தம்பி” என்றார். அவ்வளவுதான்.

பிறகு முகம். விளக்கு தலைக்கு நேர்மேலே இருந்தால் ஆடுபவரின் கண்கள் குழிக்குள் விழுந்துவிடும். கண் தெரியாவிட்டால் அபிநயம் ஏது? முன்னாலிருந்து மட்டும் ஒளி வந்தால் உடல் சுவரில் ஒட்டிய படம்போல் தட்டையாகிவிடும். பக்கங்களிலிருந்து வந்தால்தான் தோளும் இடையும் திரண்டு தெரியும். ஆனால், பக்கத்து ஒளியில் அலபத்மம் பிடித்த கை முகத்துக்குக் குறுக்கே போனால், கையின் நிழல் கன்னத்தில் கரிபோல் விழும். ஆகவே எந்த அடியில் எந்தக் கை எங்கே போகும் என்று விளக்குக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. பதம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். பொருள் கேட்டால் விழிப்பார். எந்தச் சொல்லுக்கு ஒளி தாழும் என்று கேட்டால் தப்பாமல் சொல்வார்.

இந்த அறிவு நேற்று வந்ததன்று, நண்பர்களே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்துப் பாருங்கள். உ. வே. சாமிநாதையர் 1892-இல் அச்சேற்றித் தந்த அந்தக் காப்பியத்தில் மாதவி ஆடிய மேடைக்கு அளவு இருக்கிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், மேடையின் உயரம் 1 கோல், மேடைப் பலகைக்கும் மேல்விதானத்துக்கும் இடையே 4 கோல். கோல் என்பதற்கும் அளவு உண்டு: பெருவிரல் 24. வாயில்கள் இரண்டு. திரைகள் மூன்று: ஒரு பக்கமிருந்து வருவது, இரு பக்கமிருந்து வந்து பொருந்துவது, மேலே மறைந்திருந்து இறங்குவது. இவை எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைத்தது விளக்கைப் பற்றிய செய்தி. மேடைத் தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் வெளியே போகுமாறு விளக்கை நிறுத்தினார்களாம்! எண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு நிழலின் திசையைக் கணக்கிட்டவன் ஒருவன் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறான்.

ஹூப்ளியிலிருந்து பெங்களூருக்குப் போகும் இரவில், டெம்போவின் பின்புறம் திரைச்சீலை மூட்டைமேல் படுத்துக்கொண்டு இதை அண்ணனுக்குச் சொன்னேன். நாங்கள் ஆடும் கதையிலேயே இது இருக்கிறது என்றேன். ஆர்வமாகக் கேட்டார். ஆடலாசிரியன் எப்படிப்பட்டவன், பாடலாசிரியன் எப்படிப்பட்டவன், தண்ணுமை, குழல், யாழ் ஆகியவற்றின் ஆசிரியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இளங்கோவடிகள் ஒவ்வொருவருக்கும் இலக்கணம் சொல்கிறார் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“அந்த வெளக்கப் பிடிச்சது யாரு தம்பி? அவனப் பத்தி எழுதியிருக்கா?”

எழுதவில்லை. விளக்கு இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஆள் இல்லை. எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நாட்டிய மேடையில் யார் எங்கே நிற்பது என்பது காலந்தோறும் மாறித்தான் வந்திருக்கிறது. சதிராட்டக் காலத்தில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடுபவரின் பின்னாலேயே நின்று, அவர் நகர நகரத் தாமும் நகர்ந்தார்கள். மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றே வாசித்தார்கள். 1930-களில் ருக்மிணி தேவி அவர்களை மேடையின் ஓரத்தில் அமரவைத்தார். இடம் மாறியது, ஆனால் பெயர் மறையவில்லை. திருவிடைமருதூர் நட்டுவனார் மரபில் வந்த குப்பையா பிள்ளையின் குடும்பம் 1945-இல் நம் மாட்டுங்காவில் ஸ்ரீ இராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கியது. அந்தக் குடும்பத்தின் பெயர் இன்றும் நகரில் மதிப்போடு சொல்லப்படுகிறது. ஆடாமலே, மேடையின் நடுவில் நிற்காமலே, ஒரு கலைஞர் பெயர் பெற முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

விளக்குக்காரரும் பெயர் பெற முடியும். கல்கத்தாவில் தாபஸ் சேன் (1924–2006) என்ற ஒளிக்கலைஞர் இருந்தார். 1959-இல் ‘சேது’ என்ற வங்க நாடகத்தில் இரயில் ஒன்று மேடையை நோக்கிப் பாய்ந்து வருவதை வெறும் ஒளியாலேயே காட்டினார். அதே ஆண்டில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியாலேயே காட்டினார். அந்த ஒளியைப் பார்ப்பதற்கென்றே மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். விளக்குக்காரரின் பெயரை ஊர் அறிந்தது. அறிந்ததால் கலை குறைந்ததா? வளர்ந்தது.

இதற்கு மறுப்புச் சொல்வார் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

“திரைக்குப் பின்னால் நடப்பது மறைந்திருப்பதே அழகு, அதைக் காட்டினால் மாயம் கலைந்துவிடும்” என்பார்கள். உண்மைதான். ஏணியும் கயிறும் கண்ணில் பட்டால் மாதவி எங்கே, புகார் எங்கே? ஆனால் மறைய வேண்டியது வேலை. வேலை செய்தவர் அல்லர். சுவருக்குள் கம்பி மறைந்திருக்கிறது என்பதற்காகக் கம்பி இழுத்தவருக்குக் கூலி கொடுக்காமல் இருக்கிறோமா?

“நாட்டியக் குழுக்களே நட்டத்தில் ஓடுகின்றன; எல்லாருக்கும் கொடுக்க எங்கே போவது?” என்பார்கள். இதிலும் உண்மை உண்டு. எங்கள் ஆசிரியை செல்வர் அல்லர். பெங்களூரில் மண்டப வாடகைக்குத் தம் வளையலைக் கழற்றியதை நானே பார்த்தேன். ஆடிய பெண்களில் பலர் கைக்காசு போட்டு வந்தவர்கள். ஆகவே யாரையும் பழிக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் பணம் குறைந்தபோது முதலில் குறைக்கப்பட்டது எது? மலர் அலங்காரம் குறையவில்லை. சிறப்பு விருந்தினரின் பொன்னாடை குறையவில்லை. சுமை தூக்க இருந்த இருவரில் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். குறைவு வரும்போது எந்தக் கொம்பை முதலில் வெட்டுகிறோம் என்பதில்தான் நம் மனம் தெரிகிறது.

“இது தொண்டு, தொண்டுக்குக் கூலியா?” என்பார்கள். தொண்டு என்பது நல்ல சொல். ஆனால் அது தானாக ஏற்றுக்கொள்பவர் சொல்ல வேண்டிய சொல். பிறர்மேல் சுமத்தும் சொல்லன்று. நான் தொண்டு செய்தேன். ஏனெனில் திரும்பி வந்தால் எனக்கு விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு. அண்ணனுக்கு அன்றைய கூலி இல்லாவிட்டால் அன்றைய அடுப்பு இல்லை. இருவருக்கும் ஒரே சொல்லைச் சூட்டுவது நீதியாகுமா?

இனி அச்சம் தரும் பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் விளக்குகள் 24. ஒவ்வொன்றும் 1000 வாட். எல்லாம் ஒருசேர எரிந்தால் 24,000 வாட். 230 வோல்ட்டில் அது 104 ஆம்பியருக்குமேல் போகும். மூன்று முனை இணைப்பில் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 35 ஆம்பியர்; பிரிக்காமல் ஒன்றிலேயே ஏற்றினால் கம்பி கொதிக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது நாம் பள்ளியில் படித்தது. இப்போது எல்.ஈ.டி. விளக்குகள் வந்து இந்தச் சுமையைக் குறைத்துவிட்டன; ஆனால் மலிவு வாடகைக்குக் கிடைப்பவை இன்னும் பழைய விளக்குகள்தாம்.

வழியில் ஓர் ஊர். மண்டபத்தின் பெயர் வேண்டா. சுவரில் மூன்று துளைச் செருகி இருந்தது. ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் மண்ணோடு இணைக்கும் கம்பி இல்லை. ஒரு விளக்கின் உள்ளே கம்பி உரசிக் கூட்டில் பட்டிருந்தது. அண்ணன் எப்போதும்போல் முதலில் புறங்கையால் தொட்டார். உள்ளங்கையால் தொட்டால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிவிடும் என்பது அந்தத் தொழிலின் பழைய பாடம். பாதுகாப்பானதன்று, வேறு வழியில்லாதவர்களின் பாடம். கை உதறியது. உதறிய வேகத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது. வலக்கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. மருத்துவச் செலவு யாருடையது என்று கேட்டபோது, அவர் விளக்கு முதலாளியின் ஆள் என்றது குழு. அன்றன்றைக்குக் கூப்பிடும் ஆள்தானே என்றார் தொலைபேசியில் முதலாளி. அன்று மாலை அண்ணன் கையில் துணி சுற்றிக்கொண்டு இடக்கையால் வேலை செய்தார். மண்டபம் நிறைந்திருந்தது. கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

மண்ணிணைப்பைச் சோதிக்க ஒரு சிறு கருவி போதும். இயற்பியல் மாணவன் நான் பக்கத்தில்தான் நின்றேன். சோதிக்கத் தோன்றவில்லை. புத்தகத்து மின்சாரம் வேறு, மண்டபத்து மின்சாரம் வேறு என்று எண்ணிவிட்டேன் போலும்.

மேடை விளக்கால் வந்த துன்பங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1862-இல் பாரிசில் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனமணியின் பாவாடையில் ஒத்திகையின்போது மேடையின் எரிவாயு விளக்குத் தீ பற்றியது. பல மாதம் துன்புற்று 1863-இல் இறந்தார். 1903-இல் சிக்காகோவின் இராக்குவாய் அரங்கில் ஒரு வில்விளக்கின் பொறி திரையில் பட்டு, 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தொலைவுக் கதை என்று தள்ள வேண்டா. 1963-இல் திறக்கப்பட்டு நம் தமிழ் மக்களின் பெருமையாக விளங்கிய சண்முகானந்தா அரங்கமும் 1990-இல் தீக்கு இரையாகிப் பின்பு மீண்டும் எழுந்ததுதான். அரங்கின் பாதுகாப்பு என்பது ஆடுபவர், பார்ப்பவர், ஏணிமேல் நிற்பவர் எல்லாருக்கும் பொது. ஏணிமேல் நிற்பவரைக் காப்பாற்றும் மேடைதான் மற்றவர்களையும் காப்பாற்றும்.

கடைசியாக ஒன்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

தஞ்சாவூரில் நிறைவு நிகழ்ச்சி. அங்கே அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் முதன்முறையாக ஒளிக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். ‘ஒளி அமைப்பு’ என்று போட்டு, அதன் எதிரே என் பெயரை, என் படிப்போடு அச்சிட்டிருந்தார்கள். படித்த பையன், பெயருக்கு ஓர் எடுப்பு இருக்கும் என்று எண்ணியிருப்பார்கள். அண்ணனின் பெயர் எங்கும் இல்லை. அந்தத் தாளை என் கையில் கொண்டுவந்து கொடுத்தவர் அண்ணன்தான். “உங்க பேரு வந்திருக்கு தம்பி. அப்பாட்ட காட்டுங்க, சந்தோசப்படுவாக” என்றார். அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் என்ன செய்தேன்? ஆசிரியையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். மேடையில் அறிவிக்கச் செய்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தந்தையிடம் காட்டவும் செய்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “துணி தைச்சது யாருன்னு போட்டிருக்கா?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நண்பர்களே, நம் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழா வருகிறது. நாமும் நாட்டியம் வைப்போம், நாடகம் வைப்போம், பந்தல் போடுவோம், விளக்கு வாடகைக்கு எடுப்போம். பிறரைத் திருத்துவது இருக்கட்டும்; நம் வீட்டுத் திண்ணையைக் கூட்டுவோம். மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, அழைப்பிதழிலும் நிகழ்ச்சி நிரலிலும் விளக்கு, ஒலி, உடை, ஒப்பனை, சுமை ஆகியவற்றைச் செய்பவர் அனைவரின் பெயரையும் அச்சிடுவோம். இடம் போதாதென்றால் சிறப்பு விருந்தினரின் பட்டங்களில் இரண்டைக் குறைப்போம், அவர் வருந்தமாட்டார்.

இரண்டாவது, கூலியை முன்னதாகப் பேசி எழுத்தில் வைப்போம். அடிபட்டால் செலவு மன்றத்துடையது என்பதையும் அதிலேயே எழுதுவோம். நிகழ்ச்சிக்கு முன்பே அவர்களுக்குச் சோறு போடுவோம். எல்லாரும் உண்டு மிஞ்சியதை நள்ளிரவில் கொடுக்கும் வழக்கம் நம்மோடு ஒழியட்டும்.

மூன்றாவது, மின் இணைப்பைச் சோதிக்கும் பொறுப்பை அறிவியல் மாணவர்களாகிய நாமே ஏற்போம். மண்ணிணைப்பு உண்டா? சுமை மூன்று முனையிலும் பிரிந்திருக்கிறதா? கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் தானே துண்டிக்கும் கருவி பொருத்தியிருக்கிறதா? இம்மூன்றையும் பார்க்காமல் ஒருவரையும் ஏணியில் ஏற்றுவதில்லை என்று உறுதி கொள்வோம். நாம் படித்த படிப்பு வேறு எதற்கு?

இவ்வளவு எழுதிவிட்டு, அண்ணனின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதத்தான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மணிக்கட்டு முழுதும் ஆறவில்லை. தேநீர்க் குவளையை இடக்கையால்தான் பிடித்திருந்தார். சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்:

“கட்டுரையில வேண்டாம் தம்பி. உங்க விழாவுக்கு நான்தான் வெளக்குப் போட வாரேன். நோட்டீசுல போடுங்க.”

அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.